சின்ன சிப்பில் பெரிய அர்ரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் நிரல் தங்கும் ஃபிளாஷ் 32 கேபி, ஓடும்போது மதிப்புகள் இருக்கும் ரேம் 2 கேபிதான். படத்தையோ எழுத்துருவையோ அதை நிரலாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் கொடுத்தால் ஆயிரக்கணக்கான எண்களோடு ஒரு அர்ரே (எண்களின் வரிசை) வந்து விழும். புதிதாக வருபவர்கள் அதை அப்படியே ஒட்டிவிட்டுத் திண்டாடுகிறார்கள். அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலரே சொல்லிவிடும். அது வாய் திறக்காத தவறுகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கான்ஸ்ட் (const, மாறாதது என்று குறிக்கும் சொல்) போட்டால் ஃபிளாஷுக்குப் போய்விடும் என்று நம்புவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி 128x64 ஓலெட் திரையில் தன் கல்லூரிச் சின்னத்தைக் காட்ட முயன்றார். திரை இருட்டாகவே இருந்தது. வயரை மாற்றினார், நிரலில் திரையின் முகவரியை 0x3சி-யிலிருந்து 0x3டி-க்கு மாற்றினார், கடைசியில் புதுத் திரையே வாங்கிவிட்டார். பழைய திரையில் ஒரு குறையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். முழுத்திரைப் படம் 1024 பைட். திரை லைப்ரரி, திரையைத் தொடங்கும் பிகின் (begin) ஃபங்ஷனை அழைக்கும்போது, படத்தைத் தற்காலிகமாக வைக்கும் தன் பஃபருக்கு மல்லாக் (malloc, ஓடும்போது ரேம் கேட்கும் வழி) மூலம் இன்னொரு 1024 பைட் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் 2048, அதாவது மொத்த ரேமும் காலி. பஃபர் கிடைக்காமல் பிகின் ஃபால்ஸ் என்று திருப்பித் தந்தது. அதை அவர் சோதிக்கவில்லை. அந்த பஃபர் ஓடும்போது ஒதுக்கப்படுவதால், நிரல் எழுதும் ஐடிஇயும் ரேமில் இடம் இருப்பதாகவே காட்டியது.

ஏடிமெகாவில் ஃபிளாஷுக்கும் ரேமுக்கும் தனித்தனி முகவரி வெளி. சாதாரண பாயின்டரால் ஃபிளாஷைப் படிக்க முடியாது. அதனால் கான்ஸ்ட் அர்ரேயையும் தொடக்கத்திலேயே ரேமுக்கு நகலெடுத்துவிடுகிறது கம்பைலர் சேர்க்கும் நிரல். ஃபிளாஷிலேயே இருக்க வேண்டுமானால் ப்ரோக்மெம் (PROGMEM) என்றும் எழுத வேண்டும்.

சரி, எழுதியாயிற்று. அப்புறம் சதுர அடைப்புக்குறி போட்டு நேராகப் படித்தால்? ஃபிளாஷ் முகவரியை வைத்துக்கொண்டு ரேமில் தேடும். குப்பைதான் வரும், எச்சரிக்கை வராது. பிஜிஎம்_ரீட்_பைட் (pgm_read_byte) வழியாகத்தான் படிக்க வேண்டும். கம்பைல் செய்தால் வரும் எல்ஃப் கோப்பின் மீது, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஏவிஆர்-என்எம் (avr-nm) கருவியை ஓட்டிப் பாருங்கள்: அர்ரே பெயருக்கு முன்னால் டி (D அல்லது d) என்ற எழுத்து நின்றால் அது ரேமைத் தின்கிறது; டீ (T அல்லது t) என்றால் ஃபிளாஷில் இருக்கிறது.

ஏஆர்எம் வகையைச் சேர்ந்த கார்டெக்ஸ்-எம் சிப்களில் இந்தத் தொல்லை இல்லை, கான்ஸ்ட் போதும். ஏடிமெகா பழக்கத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தேவைக்கு மேல் பெரிய டைப்

ஏடிமெகாவில் 256 மதிப்புள்ள சைன் அட்டவணை இன்ட் என்றால் 512 பைட், யுஇன்ட்8_டி என்றால் 256. கால் அலையை மட்டும் வைத்து மீதியைக் கணக்கிட்டால் 64 போதும்.

ஹெடருக்குள் ஸ்டாடிக் அர்ரே

ஹெடர் என்பது பல கோப்புகள் இன்க்ளூட் செய்துகொள்ளும் பொதுக் கோப்பு. அப்படி இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு கோப்புக்கும் அர்ரேயின் தனி நகல் உருவாகலாம். அர்ரே ஒரே .சி கோப்பில் இருக்கட்டும். ஹெடரில் எக்ஸ்டர்ன் (extern, அர்ரே வேறொரு கோப்பில் இருக்கிறது என்னும் அறிவிப்பு) மட்டும்.

உருவான கோப்பைக் கையால் திருத்துவது

வேண்டாம். கன்வெர்ட்டர் அந்தக் கோப்பை உருவாக்கப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள்.

மெகா போர்டில் 64 கேபி எல்லையை மறப்பது

ஆர்டுயினோ மெகாவில் இருக்கும் ஏடிமெகா2560-இல் ஃபிளாஷ் 256 கேபி. ஆனால் பிஜிஎம்_ரீட்_பைட் எடுத்துக்கொள்வது 16 பிட் முகவரி. அர்ரே முதல் 64 கேபியைத் தாண்டி அமர்ந்தால் வேறெங்கோ இருக்கும் பைட் கைக்கு வரும். பிஜிஎம்_கெட்_ஃபார்_அட்ரஸ் மூலம் முகவரி எடுத்து, பிஜிஎம்_ரீட்_பைட்_ஃபார் கொண்டு படியுங்கள். ஒரே அர்ரே 32767 பைட்டைத் தாண்டினால் இந்தச் சிப்களுக்கான கம்பைலரான ஏவிஆர்-ஜிசிசி ஏற்காது. கன்வெர்ட்டரிலேயே துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும்.