நாய அவுத்து விட உங்க ஏரியாவுல ஒரு பார்க் கேக்கப் போறீங்களா?

மொதல்ல, நாய் வளக்குறவங்க மட்டும் சேந்து போய் கேட்டா வேலைக்கு ஆகாதுங்க, வாக்கிங் வர்ற பெரியவங்க, குழந்தைங்கள கூட்டிட்டு வர்றவங்க பயம் நியாயமானது, அவங்கள உக்கார வச்சு பேசிட்டு அப்புறமா வார்டு கவுன்சிலர்கிட்ட மனு குடுங்க.

'நாய் பார்க் வேணும்'னு மொட்டையா எழுதாதீங்க. சுத்தி வேலி, முக்கியமா ரெட்டை கேட், ஒண்ண மூடினப்புறம்தான் அடுத்தத தெறக்கணும். எங்க லேப்ரடார் ஒத்தக் கேட்ல கேப் கெடச்சதும் நேரா ரோட்டுக்கு ஓடிருச்சு, ஆட்டோ அண்ணன் சடன் பிரேக் அடிச்சதால பொழச்சுது, இன்னும் நெஞ்சு படபடங்குது. சின்ன நாய்க்கு தனி எடம், நெழல். தண்ணி தேங்காத தரையும் கேளுங்க, மழைல எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

நாய்க்கு எடுத்த மாநகராட்சி லைசென்ஸ், ரேபிஸ் ஊசி கார்டு கையோட எடுத்துட்டு போங்க. பார்க் வர்ற வரைக்கும் பெசன்ட் நகர் பீச்சா இருந்தாலும் லீஷ அவுக்காதீங்க.