பொருளை அளந்த பிறகு கட்டிலை வாங்குங்கள்

வீட்டில் இடம் போதவில்லை என்றதும் உள்ளே பெட்டி வைத்த கட்டிலையோ சோபாவையோ தேடிப் போகிறோம். நானும் அப்படித்தான் ஒரு பெட்டிக் கட்டில் வாங்கினேன். மெத்தையைப் புரட்டி, கீழே இருக்கும் பலகையையும் தூக்கினால்தான் உள்ளே கை போகும். இரண்டே மாதத்தில் அதைத் திறப்பதையே விட்டுவிட்டேன். தினமும் தேவைப்பட்ட போர்வைகள் நாற்காலியின் மேல் குவிந்தன. எவ்வளவு கொள்ளும் என்று பார்த்த நான், எப்படித் திறக்கும் என்று பார்க்கவில்லை.

படி 1: பொருட்களைக் குவியல்களாகப் பிரியுங்கள்

வைக்க இடமில்லாமல் வெளியே கிடப்பவற்றை மட்டும் தரையில் பரப்புங்கள். தினமும் எடுப்பவை, மாதத்துக்கு ஓரிரு முறை எடுப்பவை, ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுபவை என மூன்றாகப் பிரியுங்கள். துணிகளை மடித்து அடுக்கிய பிறகு, ஒவ்வொரு குவியலின் நீளம், அகலம், உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

படி 2: குவியலுக்கேற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்

தினசரிப் பொருட்களுக்கு ஒரே அசைவில் திறக்கும் இழுப்பறை அல்லது திறந்த தட்டு. மாதக் குவியலுக்கு மூடி திறக்கும் பெஞ்ச், உள்ளே வெற்றிடம் உள்ள டீப்பாய். கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டி, ஆண்டுக் குவியலுக்கு மட்டும். ஹேங்கரில் துணி மாட்டும் அலமாரிக்குச் சுமார் 60 செ.மீ. ஆழம் வேண்டும், புத்தகத் தட்டுக்கு 30 செ.மீ. போதும். ஆழம் கூடினால் பின்வரிசையில் இருப்பது மறந்தே போகும்.

படி 3: தரையில் வரைந்து பாருங்கள்

வாங்க நினைக்கும் பொருளின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் விரியுங்கள். 50 செ.மீ. ஆழமுள்ள இழுப்பறை என்றால், அது முழுவதும் வெளியே வர அதே அளவு இடம் வேண்டும். அதற்கும் முன்னால் நீங்கள் குனிந்து நிற்கவும் இடம் வேண்டும். மெத்தையோடு மேலே எழும் ஹைட்ராலிக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டாம். ஆனால் சுவரில் உள்ள விளக்கோ தட்டோ தலைக்கு மேல் இடிக்கக் கூடாது. வாசலும் படிக்கட்டுத் திருப்பமும் எவ்வளவு அகலம் என்பதையும் அளந்துவிடுங்கள்.

படி 4: கடையில் கை வைத்துச் சோதியுங்கள்

நிதானம் தேவைப்படுவது இங்கேதான். இழுப்பறையை முழுவதும் இழுங்கள். முக்கால் பங்குதான் வெளியே வருகிறது என்றால் கடைசிக் கால் பங்கு உங்களுக்குப் பயன்படாது. இழுத்த நிலையில் முன்விளிம்பை லேசாக அழுத்திப் பாருங்கள். இழுப்பறை ஓடும் சேனல் நல்லதாக இருந்தால் தொங்காது, திணறாது.

மூடியைப் பாதி தூக்கிக் கையை எடுங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும், அல்லது மெதுவாக இறங்க வேண்டும். தடாலென்று விழும் மூடியைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கண்டிப்பாக வாங்காதீர்கள். குழந்தை உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய பெட்டி என்றால் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் இருக்கவே கூடாது.

ஹைட்ராலிக் கட்டிலென்றால் உங்கள் மெத்தையின் எடையைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மெத்தை அதிகக் கனமாக இருந்தால் தூக்கிய கட்டில் மேலே நிற்காது. மிக லேசாக இருந்தால் மூடுவதற்குச் சிரமப்பட வேண்டும்.

பிறகு குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். துகள் பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) செய்ததென்றால் எல்லா விளிம்புகளும் பட்டை ஒட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்த விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். நடுவில் தாங்கல் இல்லாத நீளமான தட்டு, புத்தகக் கனத்தில் வளையும். இந்த இரண்டிலும் துகள் பலகையைவிடப் பிளைவுட் நல்லது.

படி 5: அழகு

பெரிய அலமாரி சுவரின் நிறத்துக்கு நெருக்கமாக இருந்தால் அறையை அடைத்ததுபோல் தோன்றாது. சுமார் 15 செ.மீ. உயரக் கால்கள் இருந்தால் தரை தெரியும், துடைப்பமும் நுழையும். பலவகைப் பொருட்கள் கலந்து கிடக்கும் இடத்துக்குக் கதவு வேண்டும். எனக்குப் பிடித்தது பிரம்புப் பின்னல் வைத்த கதவு. உள்ளே இருப்பதை மறைத்தாலும் காற்றைத் தடுக்காது. செருப்புக்கும் துணிக்கும் அது மிக நல்லது.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். இழுப்பறைகளை ஒன்றாகத் திறந்தாலோ குழந்தை அதில் ஏறினாலோ அது முன்பக்கமாகச் சாயக்கூடும். கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள். பின்புறம் காற்றோட ஓரிரு விரல் இடைவெளி விடுங்கள். நன்றாகக் காயாத துணியைக் கட்டில் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, எந்த இழுப்பறையைத் திறக்கவே இல்லை என்று பாருங்கள். அதில் உள்ளதைக் கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டு, நாற்காலியின் மேல் குவிந்திருப்பதை அந்த இழுப்பறையில் வையுங்கள்.