1645இன் சொனாட்டாவை விவால்டி மாதிரி வாசித்தால்

பரோக் காலத்து (சுமார் 1600–1750) ஐரோப்பிய இசையில் பசூன் என்ற மந்தர ஸ்தாயி ஊதுகருவி என்றதும் பலருக்கும் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டிதான் நினைவுக்கு வருவார். தப்பில்லை, அந்தக் கருவி வாத்தியக் குழுவோடு வாசிக்க 39 கான்செர்ட்டோக்கள் எழுதியவர் அவர் (அதில் இரண்டு முழுமையாகக் கிடைக்கவில்லை). அந்தப் பழக்கத்தோடு, அவருக்கு முன்பே பசூனுக்கு எழுதிய செல்மா இ சலாவெர்தேயையோ பெர்த்தோலியையோ திறக்கும்போதுதான் சிக்கல். செல்மாவின் தொகுப்பு 1638இலும், பெர்த்தோலியின் ஒன்பது சொனாட்டாக்கள் (பசூனும் துணைக் கருவியும் மட்டும் வாசிப்பவை) 1645இலும் வெனிஸில் அச்சாயின. விவால்டி பிறந்ததே 1678இல்.

முதலில், அப்போதைய கருவியே வேறு. டல்சியன் என்று இன்று சொல்கிறோம். ஒரே மரக்கட்டைக்குள் பக்கத்துப் பக்கமாக இரண்டு துளைகள் இறங்கி அடியில் சேரும். நாகசுரத்தைப் போல இதற்கும் இரட்டைச் சீவாளிதான். துளைகளை மூடித் திறக்கும் சாவிகள் பெரும்பாலும் இரண்டே. இன்றைய பசூனில் இந்த இசையை வாசிக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் விப்ராட்டோவோடு (நடுக்கத்தோடு) நீட்டி, நாலு நாலாக லெகாட்டோ போட்டு (இடைவெளியின்றிச் சேர்த்து) இழைத்தால் பெர்த்தோலியின் வேகமான சங்கதிகள் சேறாகிவிடும். நாக்கு வேலை செய்ய வேண்டும். வெனிஸில் கார்னெட்டோ என்ற மர ஊதுகருவி வாசித்த ஜிரோலமோ தல்லா காசா 1584இலேயே ‘லெரெ’, ‘தெரெ’, ‘தெக்கெ’ என்று நாக்கின் அசைவுகளை எழுதி வைத்தார். அதில் மென்மையான ‘லெரெ’ வகைக்குத்தான் முதலிடம் கொடுத்தார். வாயால் சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

அடுத்தது, நான் அதிகம் கேட்கும் தவறு: பாசோ கன்டினுவோ (கீழ்ச்சுர வரியின் மேல் சுரக்கூட்டுகளைச் சேர்த்து வாசிக்கும் பக்கவாத்தியம்) என்றால் ஹார்ப்சிகார்டும் (கம்பிகளை மீட்டும் பழைய கீபோர்டு) செல்லோவும் என்று முடிவு கட்டிவிடுவது. அது பிற்காலத்து வழக்கம். இந்த இசைக்கு ஓர் ஆர்கனோ, ஹார்ப்சிகார்டோ, கித்தாரோனேயோ (நீண்ட கழுத்துள்ள லூட் வகை) ஒன்றே போதும். செல்லோவைச் சேர்த்தால் என்ன ஆகும்? இங்கே தனி வாசிப்புக் கருவியும் மந்தர ஸ்தாயிக்காரர்தான். பசூன் பல இடங்களில் கன்டினுவோவின் அதே சுரத்தில் தொடங்கி, அதை உடைத்துப் பொடிச் சுரங்களாக்கி, மறுபடி அதிலேயே வந்து நிற்கும். இருவரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள். ஒருவர் எளிமையாக, மற்றவர் அலங்காரமாக. இடையில் மூன்றாவதாக ஒரு கனத்த குரல் நுழைந்தால், அந்த அலங்காரம் எதன்மேல் செய்யப்பட்டது என்பதே காதுக்குத் தெரியாது. ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரும் இடது கையைப் போட்டு நிரப்பக் கூடாது. வலது கையை பசூனுக்குச் சற்று மேலே வைத்தால் இருவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சுருதியில் ஒரு தடுமாற்றம் உண்டு. பரோக் என்றாலே ‘ஏ’ சுரம் 415 ஹெர்ட்ஸ் என்று பலர் பிடித்துக்கொள்கிறார்கள். வெனிஸில் கருவிகளின் சுருதி 466க்குப் பக்கத்தில், அதாவது இன்றைய 440ஐவிட அரைச்சுரம் மேலே இருந்தது. அப்புறம் மீன்டோன் ட்யூனிங், அந்தக் காலத்துச் சுருதி சேர்ப்பு முறை. அதில், இன்றைய பியானோவில் ஒரே கட்டையில் வரும் ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் ஒன்றல்ல. பசூன்காரர் விரல்பிடிப்பை மாற்றாமல் இரண்டையும் ஒன்றாக வாசித்தால், ஆர்கன் பக்கத்தில் நிற்கும்போது மாட்டிக்கொள்வார்.

கடைசியாக, மெட்ரோனோம் (சீரான தாளம் காட்டும் கருவி) தட்டுவதுபோல ஒரே வேகத்தில் வாசிப்பது. அதே காலத்து வெனிஸ் இசையமைப்பாளர் காஸ்தெல்லோவின் 1621, 1629 தொகுப்புகளில் ஒரே சொனாட்டாவுக்குள் ‘அதாசியோ’ (மெதுவாக), ‘அலெக்ரா’ (விரைவாக) என்று மாறி மாறி வரும். இன்னொரு இத்தாலியரான ஃப்ரெஸ்கோபால்டி தன் தொக்காட்டாக்களின் (தனிக் கீபோர்டு படைப்புகள்) முன்னுரையில், புதிய மாட்ரிகல்களை (பல குரல் பாடல்களை) பாடுவதுபோல தாளத்தை ஒருமுறை மெதுவாக்கி ஒருமுறை விரைவாக்கலாம் என்கிறார். அது கீபோர்டு இசைக்கு எழுதியது, உண்மைதான். ஆனாலும் அந்தக் காலத்து வாசிப்பின் காதை அறிய அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு பகுதி முடியும் இடத்தில் வேகத்தை விட்டு, கன்டினுவோக்காரரைப் பார்த்து, அவர் அடுத்த கார்டை (சுரக்கூட்டை) வைத்த பிறகு தொடங்குங்கள். வாசிப்பவர்கள் இருவர்தானே, ஒரு கண்ணசைவு போதும்.