ஊட்டிப் பயணத்தில் ஒரு குல்லா

ஆபீஸ் வேலையாக ஊட்டி போகிறீர்களா? குன்னூரில் இருக்கும் சித்தி வீட்டுக் குழந்தைக்குப் போகிற வழியில் ஊசி நூலால் ஏதாவது பின்னிக் கொடுக்க ஆசையா? மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுங்கள். 46 கிலோமீட்டர், சுமார் 5 மணி நேரம். உட்கார்ந்து பின்ன அருமையான நேரம். பஸ்ஸில் வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் குனிந்தால் குமட்டும்.

ரயிலில் இருக்கை நெருக்கம். நீள ஊசி பக்கத்தில் இருப்பவரை இடிக்கும். நடுவில் வயர் உள்ள வட்ட ஊசிதான் சரி. பாதியில் பையில் போட்டாலும் கண்ணி, அதாவது ஊசியில் கோத்த நூல் வளையம், எளிதில் கழலாது. ஸ்வெட்டர் எல்லாம் பெரிய வேலை, ஒரு உருண்டை நூலில் முடிகிற குழந்தைக் குல்லா போதும். தலைச் சுற்றளவை முன்பே போனில் கேட்டு, ஒரு அங்குலம் குறைத்துப் பின்னுங்கள். அப்போதுதான் காதோடு கச்சிதமாக நிற்கும்.

அப்புறம், குன்னூர் சித்தி வீட்டைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்திருக்கும், நிம்மதியாகப் பேசலாம். ஓரம் மடித்து முடிப்பதை அங்கேயே செய்யலாம், குழந்தையின் தலையில் வைத்துப் பார்த்தே.