இழைமணி புரதத்தைத் தொடங்கும் விதம்: வரைந்து படிப்பது எப்படி

ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் உயர்தர உயிரியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார் இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் மைற்றோகொண்ட்ரியா) தன் புரதத்தைக் கட்டத் தொடங்கும் விதத்தை மனப்பாடம் பண்ணாமல் வரைந்து பாருங்கள். புரதத்துக்கான செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்.என்.ஏ.க்கு ஒரு கோடு போட்டு, தொடக்கத்தைக் குறிக்கும் மூன்றெழுத்தான ஏ.யூ.ஜி. கோடோனைக் கோட்டின் தொடக்க நுனியிலேயே எழுதுங்கள். பற்றீரியாவில், புரதம் கட்டும் றைபோசோமுக்கு இடம் காட்டுகிற முன்பகுதி இங்கே ஏறக்குறைய இல்லை, சில மரபணுக்கள் ஏ.யூ.ஏ.யிலும் தொடங்கும்.

அடுத்ததுதான் முக்கியம். மனித இழைமணியில் மெதியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்துவர ஒரே வகை டி.ஆர்.என்.ஏ.தான், தொடங்கவும் அதுவே, நடுவில் சேர்க்கவும் அதுவே. அப்போ எது தொடக்கத்துக்குப் போகும்? அந்த டி.ஆர்.என்.ஏ.க்களில் சிலவற்றின் மெதியோனினில் ஒரு நொதியம் போமைல் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துண்டை ஒட்டிவிடும், அதைச் சிவப்புப் புள்ளியாக வையுங்கள், ஐ.எஃப்.2 என்ற தொடக்கக் காரணிப் புரதம் புள்ளி உள்ளதையே விரும்பிப் பிடித்து றைபோசோமின் சிறிய உப அலகில் இருத்தும். பெரிய உப அலகு அவசரப்பட்டு ஒட்டாமல் ஐ.எஃப்.3 என்ற இன்னொரு காரணி தடுக்கும். எல்லாம் பொருந்தினால் சிறிய உப அலகு (28எஸ்), பெரிய உப அலகு (39எஸ்) இரண்டும் சேர்ந்து 55எஸ் றைபோசோம். பற்றீரியாவின் ஐ.எஃப்.1ஐ இதில் வரையாதீர்கள், அதன் வேலையையும் இங்கே ஐ.எஃப்.2தான் பார்க்கிறது.

சரி, இப்போது சிவப்புப் புள்ளியை அழித்துவிட்டு யோசியுங்கள். புள்ளியை ஒட்டுகிற அந்த நொதியத்தின் மரபணு பழுதானால் பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும் லீ நோய்கூட வரலாம்.