கடற்கரை மணலில் சர்க்கரைக்கொல்லி

முன்பு வேலியோரம் தானாகப் படர்ந்து கிடந்த சிறுகுறிஞ்சான் கொடி, அதாங்க சர்க்கரைக்கொல்லி, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்கள் வீட்டிலேயே வளர்க்கலாம். விதைக்காகக் காத்திருக்க வேண்டாம், முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.

பென்சில் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய தண்டை ஐப்பசி மழை தொடங்கியதும் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து நடுங்கள். வெறும் மணல் தண்ணீரை நிறுத்தாது, அதனால் கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றவே ஊற்றாதீர்கள், கூரையில் வழிகிற மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் இளங்கொடிக்குப் போதும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பனையோலைத் தட்டி ஒன்று மறைப்புக்குக் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் இலை ஓரம் கருகிவிடும்.

கொடி வாங்கும்போது அசல்தானா என்று சந்தேகமா? ஒரு இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போடுங்கள். இனிப்பே தெரியாமல் மணல் மாதிரி நறநறத்தால் அசல்தான். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தினமும் இதைச் சாப்பிட வேண்டாம், சர்க்கரை அளவு ரொம்ப இறங்கிவிடலாம்.