தைமஸ் சுருங்கிவிட்டது என்று எழுதுவதற்கு முன்

நரம்பு உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை ஆராய, அதைப் போலச் சுண்டெலியில் உண்டாக்கும் ஈஏஈ (EAE) நோயில் எல்லோருக்கும் கண் தண்டுவடத்தின் மேல்தான். மண்ணீரலும், டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியும் "சரி, அதையும் எடை போட்டு வை" கணக்கில் போகும், பிறகு கட்டுரை எழுதும்போது அந்த எடைதான் தலைவலி.

முதலில் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் எலிக் குழு. நோயை உண்டாக்க, நரம்பு உறைப் புரதமான எம்ஓஜியின் ஒரு துண்டை (35-55 பெப்டைடு), கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி கலந்த, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்டில் குழைத்துத் தோலடியில் போடுகிறோம், அன்றும் 48 மணி நேரம் கழித்தும் பெர்டூசிஸ் நச்சு. அந்த அட்ஜுவன்ட் ஒன்றே மண்ணீரலை வீங்க வைத்துவிடும். ஆகவே ஊசியே போடாத எலி மட்டும் போதாது, பெப்டைடு தவிர மற்றதெல்லாம் போட்ட குழுவும் வேண்டும். வயதும் பாலினமும் ஒன்றாக இருக்கட்டும், தைமஸ் வயதோடு தானே சுருங்கும்.

ஊசி போட்டு எத்தனையாவது நாள் என்பதை மட்டும் பார்த்து உறுப்புகளை எடுக்காதீர்கள். அறிகுறி பெரும்பாலும் 9 முதல் 14 நாளுக்குள் வரும், ஆனால் எலிக்கு எலி மாறும், அதனால் ஸ்கோரையும் (வால் தளர்ந்தால் 1, பின்னங்கால் இரண்டும் செயலிழந்தால் 3) சேர்த்துக் குறித்து வையுங்கள்.

தைமஸ் இதயத்துக்கு மேலே இரண்டு வெள்ளை மடல்களாக இருக்கும். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நிணநீர் முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்துவிடுங்கள், விட்டால் முதிர்ந்த டி செல்கள் கலந்து, செல்களை வகை பிரிக்க உதவும் சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புக் குறியீடுகளின் கணக்கு முழுக்கக் குழம்பும். மண்ணீரலில் ஒட்டிய கொழுப்பையும் கணையத்தையும் நீக்கி, வடிதாளில் ஒற்றி, உடனே எடை போடுங்கள். தண்டுவடத்துக்காக இதயம் வழியே உப்புக்கரைசல் செலுத்துவதாக இருந்தால் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், பாதிக்குச் செலுத்திவிட்டு ஒப்பிடுவது வீண்.

இனிதான் சிக்கல். நோய் உச்சத்தில் எலியின் உடல் எடையே குறைந்துவிடும், அதனால் மண்ணீரலை உடல் எடையால் வகுத்தால் வீக்கம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். மண்ணீரலின் நேரடி எடை, வகுத்து வந்த விகிதம் இரண்டையும் கொடுங்கள். தைமஸ் சுருங்குவதில் பெரும்பங்கு கார்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோனின் வேலை, சிடி4, சிடி8 இரண்டு குறியீடும் சேர்ந்த இளம் டி செல்கள்தான் முதலில் சாகும். அந்த ஹார்மோன் இருட்டும் நேரத்தை ஒட்டி ஏறும் என்பதால் எல்லா எலிகளையும் காலையில் ஒரே நேரத்தில், குழுக்களை மாற்றி மாற்றி எடுங்கள். கால் இழுக்கும் எலிக்குத் தீனி எட்டாது, ஈரத் தீவனத்தைக் கூண்டுத் தரையிலேயே வையுங்கள். அப்படியும் தைமஸ் சிறுத்திருந்தால், நோயுற்ற எலி தின்ற அளவே தீனி கொடுத்த ஆரோக்கியமான எலிக் குழு ஒன்றையும் பாருங்கள், அதிலும் சிறுத்திருந்தால் பட்டினிக்கும் அதில் பங்கு உண்டு.